மூன்றாம் பிரகாரத்தில் நிற்கும் சேதுபதி

ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்துல நீங்க கண்டிப்பா ஒரு போட்டோ எடுத்திருப்பீங்க. ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட தூண்கள். சரி, அந்தப் பிரகாரத்தை முடிச்சு வைத்த ராஜாவோட சிலையும் அங்கேயே இருக்கே, பார்த்தீங்களா? நானும் மூணு தடவை பார்க்காமலே வந்தவன்தான்.

அவர் பெயர் முத்துராமலிங்க சேதுபதி. 1760-ல் பிறந்தவர். கைக்குழந்தையா இருக்கும்போதே ராமநாதபுரம் சீமைக்கு மன்னர். தாயார் முத்துத்திருவாயி நாச்சியார்தான் அவருக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். 1772-ல் ஆற்காட்டு நவாப்பும் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தாயோடு திருச்சிக் கோட்டையில் கைதி. நாம ஏழாம் வகுப்பு படிச்ச வயசு அது!

ஒன்பது வருஷம் கழித்து, ஹைதர் அலி படையெடுத்து வந்த நெருக்கடியில், நவாப்பே அவரை விடுவித்து நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். 1781-ல் வயது 21. இப்போ நமக்கு இருக்கிற அதே வயசு.

இப்போ அவர் இடத்துல உங்களை வெச்சு யோசிங்க. சிறை எப்படி இருக்கும்னு தெரியும். எதிரியோட பலமும் தெரியும். வாயை மூடிக்கிட்டு கப்பம் கட்டினா கடைசி வரை ராஜாவா இருக்கலாம். புத்தி அதைத்தான் சொல்லும். ஆனா கம்பெனி கேட்டது கப்பம் மட்டும் இல்லை. இந்தச் சீமையின் நெசவாளர்கள் நெய்யும் துணியைத் தானே மொத்தமாக வாங்க வேண்டும், தன் சரக்குக்குச் சுங்கச் சலுகை வேண்டும் என்றது. ஒரே ஆள்தான் வாங்குவான் என்றால் விலையையும் அவனே வைப்பான். இது புரிய எக்கனாமிக்ஸ் பேப்பர் பாஸ் பண்ண வேண்டாம். சேதுபதி இணங்கவில்லை.

இங்கேதான் கதை சிக்கலாகுது. அதே மனிதர் 1794-ல் பக்கத்துச் சிவகங்கையோடு சண்டைக்குப் போனார். சிவகங்கை ஒரு காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த சீமை, பழைய பகை. இரண்டு பேருக்கும் பெரிய எதிரி ஒருவனே. கோபத்தில் அது மறைந்துபோனது. கம்பெனிக்கு அந்தச் சண்டையே நல்ல சாக்கு ஆச்சு. 1795 பிப்ரவரி 8 அன்று அவரைப் பதவியிலிருந்து இறக்கி, திருச்சிக்கே மறுபடி கைதியாகக் கொண்டுபோனார்கள்.

துணிச்சல் இரண்டு இடத்திலும் இருந்தது. ஒன்றில் யோசித்து எடுத்த முடிவு அதை நடத்தியது, இன்னொன்றில் கோபம் நடத்தியது. தைரியசாலியாக இருப்பது மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது இங்கேதான்.

1799-ல் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், கமுதி, அபிராமம் பக்கத்து மக்கள் ஆயுதம் எடுத்தார்கள். அந்தக் கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. 1803-ல் கம்பெனி அவருடைய அக்கா மங்களேஸ்வரி நாச்சியாரை ஜமீன்தாரிணி ஆக்கியது. சேதுபதி சீமை வெறும் ஜமீன் ஆனது. 1809-ல் சென்னையில், சிறையிலேயே அவர் இறந்தார். வாழ்ந்தது 49 வருஷம், அதில் 23 வருஷம் சிறை.

அடுத்த தடவை ராமேஸ்வரம் போனா, போட்டோ எடுத்த பிறகு அந்தச் சிலை பக்கம் ஒரு நிமிஷம் நில்லுங்க.