தரை வசப்படாத வான்வீரர்

ரொறன்ரோத் தீவிலுள்ள சிறிய விமான நிலையம் 2009 முதல் பில்லி பிசப்பின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1894இல் ஒன்ராறியோவின் ஓவன் சவுண்டிற் பிறந்து 1956இல் மறைந்த இவர், முதலாம் உலகப் போரில் 72 விமானங்களை வீழ்த்தியவராகப் பதிவுபெற்றவர். விக்ரோறியாச் சிலுவை பெற்றவர். ஆயினும் வானை வென்ற இவருக்குத் தரை எளிதில் வசப்படவில்லை என்பதை நம்மிற் பலர் அறியோம்.

1917 மார்ச்சில், பிரான்சில், படைத்தளபதி ஒருவரின் கண்முன்னே தரையிறங்குகையில் பிசப் தமது விமானத்தை நொறுக்கினார். அவரைப் பயிற்சிப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புமாறு கட்டளை பிறந்தது. மாற்று விமானி வரும்வரை இருக்கட்டும் என அவரது படைப்பிரிவுத் தலைவர் நிறுத்திவைத்தார். அந்தச் சிறு அவகாசத்திலேயே பிசப்பின் முதல் வெற்றி கிட்டியது.

தரையிறங்குதல் இன்றும் கடினமானதே. இறங்கும் வேகம் 10 வீதம் கூடினால், நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ 20 வீதம் கூடும். ஈரத்தரையில் மேலும் நீளும். தீவின் பிரதான ஓடுபாதையோ சுமார் 1,200 மீற்றர். இரு முனைக்கும் அப்பால் நீர். தனியார் சிறு விமானமாயினும், பாதித் தூரம் கடந்து சக்கரம் பதித்தால் எதிரே தெரிவது ஏரியே.

பயணிகள் மிகுந்த விமான நிலையங்களில் ஓடுபாதைக்கு அப்பாலும் 150 மீற்றர் பாதுகாப்புப் பரப்பு வேண்டும் என்கிறது கனடாவின் விதி. பிழைத்தவருக்கும் சிறிது நிலம் வேண்டும் என்பதே அதன் பொருள். பிசப்புக்கு அந்நிலத்தை அளித்தவர் அவரது தலைவர். திருப்பியனுப்பும் கடிதத்துக்கு அஞ்சி வாழும் நாம் அதன் பெறுமதியை நன்கறிவோம்.