தாதிக்கு எதைக் கற்பிப்பது?

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரைக் கைவிளக்கேந்திய பெண்மணியாகவே நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஆனால், அன்பு வாசகரே, போர்க்கால வைத்தியசாலைகளில் அவர் பணியாற்றியது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவே. அதன்பின் ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவரை விடாது தொடர்ந்த கேள்வி வேறு: ஒரு தாதிக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

1820இல் செல்வக் குடும்பத்திற் பிறந்த அவர், வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி, 1851இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் நகரில் லுத்தரன் சகோதரிகளிடம் சில மாதங்கள் பயின்றார். 1854இல் கிறைமிய யுத்தத்திற் காயமுற்றோரைப் பராமரிக்க, 38 பெண்களுடன் துருக்கியிலிருந்த ஸ்கூட்டாரிக்குச் சென்றார். அவர்களுட் பத்துப்பேர் கத்தோலிக்க கன்னியர். பேர்மன்சி மடத்துத் தலைவி அன்னை மேரி கிளேர் மூர் அந்தத் தலைமைப் பொறுப்புக்குத் தம்மிலும் தகுதியானவர் என்று அம்மையாரே பின்னர் அவருக்கு எழுதினார். அங்கிலிக்கன் சபையில் வளர்ந்த ஒருவர் அந்தக் காலத்தில் இப்படி எழுதியது சிறிய காரியமல்ல.

மக்கள் நன்றியோடு சேர்த்தளித்த சுமார் 45,000 பவுணைக் கொண்டு, 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பாடசாலை ஆரம்பமாயிற்று. அவ்வைத்தியசாலையின் மூத்த சத்திரவைத்தியர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. தாதி வீட்டு வேலைக்காரிக்குச் சமம், பத்துப்போடத் தெரிந்தாற் போதும் என்பது அவர் கட்சி. பாடசாலையின் பட்டியலோ நீண்டிருந்தது. புண்ணுக்குக் கட்டுப்போடுதல், ஒத்தடம், அட்டை விடுதல், அசைய மாட்டாதவரைப் படுக்கைப்புண் வராது பராமரித்தல், நோயாளருக்குக் கஞ்சி காய்ச்சுதல், அறைக்குக் காற்றோட்டம் விடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக அவதானித்தல். நாடி, மூச்சு, தோல், பசி, நித்திரை, மருந்தின் விளைவு ஆகியவற்றைக் கண்டு பிழையின்றிச் சொல்ல அவள் பழக வேண்டும். மகளைத் தாதிப் பயிற்சிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் இப்பட்டியலைக் கவனிக்கலாம்; அட்டையை விட்டால் ஏனையவை இன்றும் வேண்டியவையே.

இவற்றோடு உண்மை, நேரந்தவறாமை, மதுவிலக்கு என்பனவும் சேர்ந்தன. மாதந்தோறும் ஒவ்வொரு மாணவியின் தொழிற்றிறனுக்கு ஒரு பதிவு, நடத்தைக்கு ஒரு பதிவு.

1872 அளவில் அம்மையார் பாடசாலையைத் துருவி ஆராய்ந்தார். விரிவுரைகள் ஒழுங்காக நடைபெறவில்லை. மாணவிகள் வாட்டு வேலைக்கு மலிவான கைகளாகியிருந்தனர். செய்வதன் காரணம் அறியாத கை எத்தனை நாள் சரியாகச் செய்யும்? ஜோன் குறொவ்ற் என்னும் சத்திரவைத்தியர் விரிவுரைக்கு நியமிக்கப்பட்டார். மாணவியர் விடுதியிற் பாடங்களை மீட்டுக் கற்பிக்க ஒரு பொறுப்பாளரும் அமர்த்தப்பட்டார்.

பின்னர் வேறொரு வழக்கு எழுந்தது. 1887இல் பெட்போர்ட் பென்விக் அம்மையார் பிரித்தானியத் தாதியர் சங்கத்தைத் தொடங்கி, மூன்றாண்டுப் பயிற்சியும் பொதுப் பதிவேடும் வேண்டுமென வாதாடினார். நைற்றிங்கேல் உறுதியாக எதிர்த்தார். பொறுமையையும் வாய்மையையும் பரீட்சைத்தாள் அளக்காது, அளக்க முடிந்தவை மட்டுமே பாடமாகிவிடும் என்பது அவர் அச்சம். அதில் நியாயம் உண்டு. ஆயினும் நோயாளியின் கட்டிலிலிருந்து பாருங்கள்: தன்னைத் தொடும் கை பயின்ற கையா என்பதை அவன் வேறெப்படி அறிவான்? இதில் பென்விக் அம்மையாரின் பக்கமே எமக்குச் சரியாகப்படுகிறது.

நைற்றிங்கேல் 1910ஆம் ஆண்டு ஓகஸ்ற் 13ஆம் நாள் காலமானார். தாதியர் பதிவுச் சட்டம் 1919இல் நிறைவேறியது. அதன்படி திறக்கப்பட்ட பதிவேட்டின் முதலாம் இலக்கத்தில் பென்விக் அம்மையாரின் பெயர் இருக்கிறது.