படச்சுருளில் பதிந்த வீரர்

திரைப்படம் என்றாலே பாட்டும் சண்டையும் கண்ணீரும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கதையே இல்லாத, நடிகர் ஒருவர்கூட இல்லாத படங்களும் உண்டு. அவற்றை விவரணப் படங்கள் என்பர். நான்காண்டுகளுக்கு ஒருமுறை உலக நாடுகள் கூடி நடத்தும் ஒலிம்பிக் போட்டிகளைப் பற்றி இவ்வாறு எடுக்கப்பட்ட படங்களுள் மிகவும் பேசப்படுவது ஒலிம்பியா என்னும் படம். அது 1936-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் நடந்த போட்டிகளைக் காட்டுகிறது. அதன் இரண்டாம் பாகத்தில் சிறிது நேரமே ஹாக்கி ஆட்டம் வந்து போகிறது. அவ்வாண்டு ஹாக்கியில் தங்கப் பதக்கம் வென்றது நம் இந்திய அணி. அதன் தலைவர் தியான் சந்த். அப்பெருமகனாரின் வாழ்க்கையை இங்குக் காண்போம்.

1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் அலகாபாத்தில் அவர் பிறந்தார். அந்த நாளைத்தான் இன்று நாம் தேசிய விளையாட்டு தினமாகக் கொண்டாடுகிறோம். இயற்பெயர் தியான் சிங். தந்தையார் ராணுவத்தில் பணிபுரிந்தவர். அடிக்கடி மாற்றல் வந்ததால் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. ஆறாண்டுகளோடு பள்ளிப் படிப்பு நின்றது. இறுதியில் ஜான்சி நகரில் குடியேறினர். சிறு வயதில் அவருக்கு மல்யுத்தம் பிடிக்கும். ஹாக்கியில் அத்தனை நாட்டம் இருந்ததில்லை. விளையாட்டுப் பாடவேளை வந்ததும் தலைவலி என்று வகுப்பிலேயே அமர்ந்துவிடும் நம் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

1922-இல் அவர் சாதாரணச் சிப்பாயாக ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர்தாம் அவருக்கு ஹாக்கி மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பகலெல்லாம் பணி. ஆகவே இரவில், நிலவு எழும்வரை காத்திருந்து, அந்த வெளிச்சத்தில் பந்தை உருட்டிப் பழகுவாராம். சந்த் என்றால் இந்தியில் நிலவு. நிலவொளியில் பழகியதால் நண்பர்கள் அப்பெயரைச் சேர்த்து அழைத்தனர் என்று சொல்லப்படுகிறது. 1926-இல் இந்திய ராணுவ அணி நியூசிலாந்துக்குச் சென்று 21 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் மட்டுமே தோற்றது. அவ்வணியில் இருந்த தியான் சந்துக்குத் திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் பதவி உயர்வு கிடைத்தது.

1928-இல் இந்திய ஹாக்கி அணி முதன்முறையாக ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள ஆம்ஸ்டர்டாம் புறப்பட்டது. பம்பாய்த் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே மூன்று பேர்! அங்கே ஐந்து ஆட்டங்களில் நம்மவர்கள் 29 கோல் போட்டனர். ஒரு கோல்கூட வாங்கவில்லை. அவற்றுள் தியான் சந்த் போட்டவை 14. தங்கப் பதக்கத்தோடு திரும்பியபோது அதே துறைமுகத்தில் கூட்டம் அலைமோதியது. வென்ற பிறகு வருவோர்க்குக் குறைவேது?

1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அமெரிக்க அணியை 24-1 என்று வென்றனர். தியான் சந்த் 8, அவர் தம்பி ரூப் சிங் 10. அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது என்பது வேடிக்கையான கதை. நம் கோல் காவலர் ரிச்சர்டு ஆலன் தம்மிடம் பந்து வரவே வராது என்று கம்பத்துக்குப் பின்னால் நின்று ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாராம்!

இனி பெர்லினுக்கு வருவோம். அப்போது ஜெர்மனியை ஆண்டவர் ஹிட்லர். தம் நாட்டின் பெருமையை உலகம் வியக்க வேண்டும் என்பதற்காகவே அவருடைய அரசு அந்தப் படத்துக்குப் பணத்தை வாரி இறைத்தது. படத்தை இயக்கியவர் ஒரு பெண்மணி, லெனி ரீஃபென்ஸ்டால். ஓடுகளத்தின் ஓரத்தில் குழிகள் தோண்டி, அவற்றுள் ஆட்களை இறக்கிப் படம் பிடிக்கச் செய்தார். நீச்சல் குளத்தில் தண்ணீருக்கு அடியிலும் காமிரா வைத்தார். பலூன்களில் காமிராவைக் கட்டி மேலே பறக்கவிட்டார். எடுத்த படச்சுருள் ஏறத்தாழ 4 லட்சம் மீட்டர்! அதை வெட்டி ஒட்டி முடிக்க ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆயின. 1938-இல், ஹிட்லரின் பிறந்த நாளன்று படம் வெளியாயிற்று. அவர் திறமையை மறுப்பதற்கில்லை. அந்தத் திறமை யாருக்குப் பயன்பட்டது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை. ஆனால் தன் இனமே உயர்ந்தது என்று முழங்கியவரின் பணத்தில் எடுத்த அதே படத்தில், ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் பாய்ந்தோடி வெல்வதையும் காமிரா காட்டத்தான் செய்தது. நான்கு தங்கப் பதக்கம் வாங்கியவரை எப்படி மறைக்க முடியும்?

தொடக்க விழா அணிவகுப்பில் ஹிட்லருக்குக் கை நீட்டி வணக்கம் செய்யாமல் நடந்து சென்ற அணிகளுள் நம் இந்திய அணியும் ஒன்று. வெளிர்நீலத் தலைப்பாகை அணிந்து சென்றனர். படம் கறுப்பு வெள்ளை ஆதலால் அந்த நிறத்தைக் காண வழியில்லை.

போட்டிகள் தொடங்குமுன் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. அதில் நம் அணி 4-1 என்று தோற்றுவிட்டது. அன்றிரவு யாருக்கும் உறக்கமில்லை. சிலர் சாப்பிடவும் இல்லை என்று தியான் சந்த் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதே ஜெர்மனியைத்தான் இறுதி ஆட்டத்தில் சந்திக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டு 14-ஆம் நாள் நடக்க வேண்டிய ஆட்டம் மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. களம் ஈரமாகக் கிடந்தது. வீரர்கள் மனத்திலும் கலக்கம். அப்போது உடை மாற்றும் அறையில், அணியோடு வந்திருந்த பங்கஜ் குப்தா திடீரென்று ஒரு கொடியை எடுத்து விரித்தார். அது காங்கிரசின் மூவர்ணக் கொடி! அடிமைப்பட்டிருந்த நாட்டின் வீரர்கள் ஆங்கிலேயர் கொடியின் கீழ்தான் ஆட முடியும். அவர்களுள் பலர், தியான் சந்தும்தான், ஆங்கிலேயரின் ராணுவத்தில் சம்பளம் வாங்குபவர்கள். வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? ஆயினும் எல்லோரும் அந்தக் கொடியை வணங்கினர். பிரார்த்தனை செய்தனர். பிறகு களம் இறங்கினர்.

முற்பாதியில் ஒரே ஒரு கோல். நனைந்த தரையில் ஓட்டம் ஓடவில்லை. இடைவேளைக்குப் பின் தியான் சந்த் ஆணி வைத்த பூட்ஸையும் நீண்ட காலுறையையும் கழற்றிவிட்டார். வெறுங்காலோடு ஆடினார் என்று பலர் எழுதுவர். ரப்பர் அடி வைத்த காலணியோடு ஆடினார் என்பது உடன் ஆடியவர் எழுதிய குறிப்பு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோலோடு பிழைப்பவர்கள் நம் பெற்றோரில் பலர். நனைந்த தோல் எப்படிக் கனக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். பிற்பாதியில் ஏழு கோல்கள் விழுந்தன. முடிவு 8-1. அந்த நாள் ஆகஸ்டு 15. சரியாகப் பதினோரு ஆண்டுகள் கழித்து அதே நாளில் நாடு விடுதலை பெற்றது.

குழிக்குள்ளும் தண்ணீருக்கு அடியிலும் வானத்திலும் காமிரா வைத்தவர்கள் அந்தச் சிறிய அறைக்குள் வரவில்லை. வெற்றி விழாவில் ஏறியது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி. படத்தை மட்டும் பார்ப்பவர்கள் அந்த வீரர்கள் எந்தக் கொடிக்காக ஓடினார்கள் என்று அறிய மாட்டார்கள். தியான் சந்த் 1952-இல் கோல் என்ற தலைப்பில் தம் வரலாற்றை வெளியிட்டாரே, அதனால் நாம் அறிகிறோம். ஆறாண்டுகளே படித்தவர் எழுதிய புத்தகம் அது!

1956-இல் மேஜர் பதவியோடு ஓய்வு பெற்றார். அவ்வாண்டே பத்மபூஷண் விருது கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றிக் கோலைப் போட்டவர் அவர் மகன் அசோக் குமார்.

தந்தையின் கடைசி நாட்கள் எளிமையாகவே, ஏன், வறுமையாகவே கழிந்தன. நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது 2021-இல். ஆனால் 1979 டிசம்பர் 3-ஆம் நாள் டெல்லி அகில இந்திய மருத்துவமனையில் அவர் கண் மூடியபோது கிடந்தது பொது வார்டில். கல்லீரலில் புற்றுநோய். உடலை ஜான்சிக்குக் கொண்டுசென்று, அங்குள்ள ஹீரோஸ் மைதானத்திலேயே தகனம் செய்தனர். அவர் பணிபுரிந்த பஞ்சாப் படைப்பிரிவினர் வந்து ராணுவ மரியாதை செய்தனர்.