டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும் அவர் தங்கையரும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலாமவர், முதலாமவர் என்று ஒரு பட்டியல் வந்துவிடும். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், அதன் முதல் பெண் துணைத் தலைவர், இன்னும் பல. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து சேர்ந்த நண்பர்கள் இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பார்கள். என்னைப்போல் மாரெட்பள்ளியில் வளர்ந்து, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும், வீட்டில் தமிழுமாகக் கற்றவர்களுக்கு அந்தப் பட்டியல்கூடத் தாமதமாகத்தான் கிடைக்கிறது. அதை மீண்டும் ஒப்பிக்க இங்கே நான் முற்படவில்லை. அம்மையார் ஒரு வீட்டின் மூத்த பெண், தங்கைமாருக்குத் தமக்கை. அந்த உறவிலிருந்து அவர் வாழ்க்கையைப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இவ்விருவரின் இணைப்பை ஐயரின் உறவினர் ஏற்கவில்லை. ஒரு பக்கத்து உறவு ஒதுக்கி வைத்தது. மறு பக்கத்து மரபிலோ பெண்ணுக்குக் காத்திருந்த வாழ்வு எது என்பது ஊரறிந்தது. இப்படி இரண்டு கதவும் சாத்திக் கிடந்த வீட்டில் உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். முத்துலட்சுமிக்கு ராமையா என்றொரு தம்பி. சுந்தராம்பாள், நல்லமுத்து என்ற தங்கையர்.

அக்காலத்துப் பெண்ணின் நிலையை அறிய வெகு தூரம் போக வேண்டியதில்லை. அதே 1886ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறுமியாய் இருக்கையிலேயே மணமாகி, வாழ்க்கை இன்னதென்று அறியுமுன்னே விதவையானவர். பின்னாளில் நூற்றுக்கணக்கான இளம் விதவைகளுக்குக் கல்வி தந்து, சகோதரி என்ற பெயரே பட்டமாகி நின்றவர். மணம் என்னும் விலங்கு ஒருவரைப் பதினோரு வயதிலேயே பூட்டியது. மற்றவரோ அதற்கு எட்டாமல் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பின்னர் இருவரும் சென்னையில் பெண்கள் பணியில் ஒன்றுசேர்ந்தனர்.

முத்துலட்சுமிக்கு மணம் செய்து பார்க்கவேண்டும் என்பது தாயின் ஆசை. படிக்க வைக்கவேண்டும் என்பது தந்தையின் பிடிவாதம். பிடிவாதம் வென்றது. 1904இல் மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு ஊரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி தந்தார். மாணவர் நிறைந்த கல்லூரியில் தனியொரு பெண். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம், பின் எழும்பூர் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் பணி.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். பெண்ணுக்குப் பூப்பெய்துமுன் மணம் முடித்த காலம் அது. பால்ய விவாகத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. அந்நாளில் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் மணமாகாத மூத்தவள் ஒருத்தி வீட்டில் இருந்தால் ஊர் என்ன பேசும்? அக்காவுக்கு முடியாமல் தங்கைக்கு எப்படி என்று கேட்கும். நம் செகந்திராபாத் பக்கத்தில், ரயில்வேக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி இன்றும் ஒலிக்கத்தான் செய்கிறது. நம்மோடு ஆராய்ச்சிக்கூடத்தில் நிற்கும் பெண்களில் எத்தனை பேருக்கு, உன்னால்தான் உன் தங்கை காத்திருக்கிறாள் என்று ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தமக்கையின் படிப்பைத் தங்கைக்குச் செய்யும் தீங்காகக் காட்டிவிடுவதில் நம் சமூகத்துக்குத் தனித்திறமை உண்டு.

முத்துலட்சுமி திருமணத்தை விரும்பவில்லை. மணமான பெண்கள் கணவன்மாருக்குக் கீழ்ப்பட்டுத் தம் சுதந்திரத்தை இழப்பதைக் கண்கூடாகப் பார்த்தவர் அவர். அவர் தனித்தே வாழ்ந்திருந்தால் நாம் வியக்கமாட்டோம். ஆனால் டாக்டர் சுந்தர ரெட்டி அவரை மணக்க விரும்பினார், எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்ற அறுவை மருத்துவர். நெடுநாள் தயங்கியபின் அம்மையார் ஒப்பினார், நிபந்தனையோடு. தம்மைச் சமமாக நடத்தவேண்டும். தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சடங்குகள் இன்றி, 1914இல் அத்திருமணம் நடந்தது. இன்றைய பெண் ஒருத்தி நிச்சயதார்த்தத்தின்போது இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். பந்தலில் பாதிப் பேர் எழுந்து போவார்கள்!

அந்த நிபந்தனை தமக்காக மட்டும் கேட்டதன்று என்பது என் கருத்து. மணமானதும் பிறந்த வீட்டுக்கு விருந்தாளியாகிவிடுவதுதான் நம் பெண்களின் விதி. உடன்பிறந்தாருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவும் கணவன் முகத்தைப் பார்க்கவேண்டும். முத்துலட்சுமி அம்மையார் அப்படி ஆகவில்லை. இளையோரின் படிப்புப் பொறுப்பை அவர் தம் தோளிலிருந்து இறக்கி வைக்கவில்லை. நல்லமுத்து படித்து உயர்ந்தார். நல்லமுத்து ராமமூர்த்தி என்ற பெயரில், சென்னை இராணி மேரிக் கல்லூரியின் முதல்வராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆனார். கணவர் சொன்ன சொல் தவறாதவராக அமைந்தது பெரும் பேறுதான். ஆயினும் பேற்றை மட்டும் நம்பாமல் முன்கூட்டியே நிபந்தனை கேட்டு வாங்கிய மதிநுட்பத்தை நாம் மறக்கலாகாது.

அறிவியல் மாணவர் எவருக்கும் இவ்விடத்தில் இன்னோர் இணை நினைவுக்கு வரும். போலந்து நாட்டில் பிரான்யா, மரியா என்று அக்காள், தங்கை. இருவரையும் பாரிசுக்கு அனுப்பிப் படிக்க வைக்கக் குடும்பத்தில் வசதியில்லை. ஆகவே ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். தங்கை மரியா பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியையாக ஊழியம் செய்து பணம் அனுப்பினாள். அக்காள் பாரிசில் மருத்துவம் படித்தாள். பிரான்யா அங்கேயே ஒரு மருத்துவரை மணந்துகொண்டாள். மணத்தோடு உடன்பாடு மறந்து போயிற்றா? இல்லை. 1891இல் தங்கையை வரவழைத்துத் தன் இல்லத்திலேயே முதலில் தங்க வைத்தாள். அந்தத் தங்கைதான் மேரி கியூரி. 1898இல் ரேடியம் கண்டவர். 1932இல் வார்சா நகரில் ரேடியம் நிலையம் திறக்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் அதே பிரான்யா. புற்றுநோயை எதிர்க்கும் நிலையம் ஒன்று அக்காள், தங்கை உறவிலிருந்து எழுந்தது அங்கே.

இங்கேயும் அப்படியே. ஆனால் இங்கே அது துயரத்திலிருந்து எழுந்தது. 1920களின் தொடக்கத்தில் தங்கை சுந்தராம்பாளைப் புற்றுநோய் பற்றியது. இளம் வயது. அக்காள் மருத்துவர்; அக்காளின் கணவர் அறுவை மருத்துவர்; மாநகரத்தின் மருத்துவ வசதி அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அறியாதவர் கைவிட்டால் விதி என்று அழுது ஆறலாம். அறிந்தவர் கண்முன்னே நோய் வளர்ந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்பது எத்தகைய வேதனை! தகப்பன் பெயரும் தாய் மரபும் ஊருக்கு ஒவ்வாத வீட்டில் தாம் கைபிடித்து வளர்த்த தங்கையல்லவா?

1925இல் மேற்படிப்புக்காக லண்டன் சென்றபோது அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையைக் கண்டார். இப்படி ஒன்று நம் ஊரிலும் வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது. திரும்பி வந்ததும் சட்டசபைப் பணி அவரை இழுத்துக்கொண்டது. தேவதாசி முறைக்கு எதிரான சட்டங்களுக்கு அவரே முன்னின்றார். 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டபோது பதவியைத் துறந்தார். அதே ஆண்டில், புகலிடம் கிடைக்காத தேவதாசிக் குலத்துப் பெண்கள் சிலருக்குத் தம் வீட்டிலேயே இடம் தந்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. பிறர் வீட்டுப் பெண்களுக்கும் தமக்கையாகிவிட்டார் என்றே சொல்லவேண்டும். சுந்தர ரெட்டியார் 1943இல் மறையும்வரை அவர் வீட்டுக் கதவு இதற்கெல்லாம் திறந்தே கிடந்தது.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா 1935இல் நடந்தது. அங்கே புற்றுநோய் மருத்துவமனைக் கோரிக்கையை அம்மையார் எழுப்பினார். எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்பதே அந்நாளில் பலரது எண்ணம். அவர் விடவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி திரட்டத் தொடங்கினார். எழுபது வயதை நெருங்கும் மூதாட்டி வாசல் வாசலாக ஏறி நன்கொடை கேட்டார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. சுந்தராம்பாள் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

நிலையத்தை நடத்த அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி முன்வந்தார். அடுத்த ஆண்டு இளம் மருத்துவர் ஒருவர் வந்து சேர்ந்தார். வேறிடத்தில் நல்ல அரசாங்க வேலை காத்திருந்தும் அதை விட்டு வந்தவர் அவர். மணம் செய்துகொள்ளவில்லை. 2021 ஜனவரியில் மறையும்வரை நிலையத்தின் வளாகத்திலேயே வாழ்ந்தார். டாக்டர் சாந்தாதான் அவர். முத்துலட்சுமி அம்மையார் 1968 ஜூலை 22ஆம் நாள் காலமானபோது, தங்கையின் பொருட்டு அவர் எழுப்பிய அந்நிலையம் பதினான்கு வயதைக் கடந்திருந்தது.