இரும்பை இணைத்த ஆசிரியர்

என் தந்தையார் இரும்புக் கடையில் சுமை தூக்குபவர். குழாய்களைத் தோளில் ஏற்றி வண்டியில் அடுக்குவது அவர் வேலை. சென்ற விடுமுறையில் ஒருநாள், குழாய்களின்மேல் அச்சிட்டிருக்கும் இ.ஆர்.டபிள்யூ. என்ற மூன்று எழுத்துகளுக்குப் பொருள் என்ன என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான். எனக்கு விடை தெரியவில்லை. அந்த வெட்கத்தோடு நூலகத்தில் தேடியபோதுதான் எலிஹு தாம்சன் என்னும் பேரறிஞரைப் பற்றி அறிந்தேன்.

தாம்சன் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1853-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இயந்திரத் தொழிலாளி. பிழைப்புத் தேடி அக்குடும்பம் 1858-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குடியேறியது. பதினோரு வயதிலேயே உயர்நிலைப் பள்ளிக்குத் தகுதி பெற்றுவிட்டான் சிறுவன்; ஆனால் வயது போதவில்லை. உடல் தேறும்வரை புத்தகத்தையே தொட வேண்டாம் என்றனராம் ஆசிரியர்கள்! அவன் கேட்பானா? மதுப்புட்டி ஒன்றைச் சுழலவிட்டு, உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் கருவியைச் செய்தான். அதன் சின்னஞ்சிறு தீப்பொறியைக் கண்டு தந்தை நகைத்தார். மகன் லெய்டன் சாடிகளைச் சேர்த்து மின்னேற்றி, அவரைத் தொடச் சொன்னான். அதிர்ச்சி வாங்கிய பின் அவர் நகைக்கவில்லை. (எங்கள் வீட்டில் நடந்திருந்தால் கதையே வேறு!)

படித்த பள்ளியிலேயே பின்னர் அவர் வேதியியல் ஆசிரியரானார். 1877-இல் பிராங்க்ளின் நிறுவனத்தில் சொற்பொழிவாற்றியபோது, தூண்டு சுருளை வழக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்திப் பார்த்தார். லெய்டன் சாடிகளின் மின்சாரத்தை மெல்லிய கம்பிச் சுருளில் செலுத்தினார். தடித்த சுருளின் இரு முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பின்னர் அவற்றைப் பிரிக்க முயன்றால் வரவில்லை, உருகி ஒட்டியிருந்தன. வேறொருவர் சலித்துக்கொண்டு வெட்டி எறிந்திருப்பார். தாம்சன் அதை மறக்கவில்லை. 1886-இல் மின்தடைப் பற்றவைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அந்த மூன்று எழுத்துகளின் பொருள் இதுவே.

நாம் வகுப்பில் படிக்கும் ஜூல் விதிதான் இதன் அடிப்படை. இரு உலோகங்கள் தொடும் இடத்தில் மின்தடை அதிகம். மின்னழுத்தம் சில வோல்ட்டுகளே ஆயினும், ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்போது அவ்விடம் பழுக்கக் காய்கிறது. அப்போது அழுத்தினால் இரண்டும் ஒன்றாகின்றன. இடையில் வேறு உலோகம் வேண்டியதில்லை.

குழாய் பிறப்பதும் இவ்வாறே. நீண்ட எஃகுத் தகட்டை உருளைகள் வட்டமாக வளைக்கின்றன. விளிம்புகள் கூடுமிடத்தில் மின்சாரம் சூடேற்ற, மற்றோர் இணை உருளைகள் நெருக்குகின்றன. இதற்குமுன் 1825-இல் ஒயிட்ஹவுஸ் என்பவர் கண்ட முறையில், தகட்டை உலையில் காய்ச்சி வளையத்தின் வழியே இழுக்க வேண்டியிருந்தது. தாழ்ந்த அதிர்வெண் மின்சாரத்தால் ஒட்டிய பழைய குழாய்களில் இணைப்புக் கோடே துருவுக்கு இரையாகும் குறை இருந்தது. உயர் அதிர்வெண் வந்தபின் அது பெரிதும் குறைந்தது. தண்ணீர்க் குழாய், மிதிவண்டிச் சட்டம், நாற்காலிக் கால், கட்டடச் சாரம் என்று எங்கும் இக்குழாய்கள்தாம். மிகப் பெரிய குழாய்களை மின்வில்லால் ஒட்டுகின்றனர்.

தாம்சன் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ 700. பல்கலைக்கழகத்தில் பயிலாத அவர், 1920-க்கும் 1923-க்கும் இடையே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தற்காலிகத் தலைவராகப் பணியாற்றினார் என்பதை நான் இருமுறை படித்தேன். 1937-இல் மறைந்தார்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் குழாயின் வாயில் விரலை விட்டு, உள்ளே நீளமாக ஓடும் மேட்டைத் தடவினார். தினமும் விரலைக் கீறுவது இதுதானா என்று கேட்டார்.