விளக்கேந்திய அம்மையாரின் பயிற்சி நாட்கள்



கையில் விளக்குடன் இரவெல்லாம் போர்வீரர்களின் படுக்கைகளைச் சுற்றி வந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை நாம் சிறு வகுப்புகளிலேயே அறிந்து கொண்டோம். ஆனால் அந்த விளக்கைக் கையில் எடுக்கும் முன் அவர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார், எடுத்த பின் எவற்றையெல்லாம் புதிதாகக் கற்க நேர்ந்தது என்பதைப் பாடநூல்கள் அதிகம் சொல்வதில்லை. அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

1820ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், இத்தாலியிலுள்ள ஃபிளாரன்ஸ் நகரில் செல்வமிக்க ஆங்கிலக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். அந்நகரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தந்தையே ஆசிரியராக அமர்ந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு ஆகியவற்றைக் கற்பித்தார். பதினாறு வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். எந்தத் தொண்டு என்பதுதான் அப்போது விளங்கவில்லை. விளங்கியபோது வீட்டில் புயல் வீசியது!

1845இல், சாலிஸ்பரி மருத்துவமனையில் மூன்று மாதம் தங்கி நோயாளிகளைப் பேணக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டார். அக்காலத்துத் தாதியர் பலர் குடிப்பழக்கம் உடையவர்கள் என்று பெயரெடுத்திருந்தனர். பெருங்குடும்பத்துப் பெண் அங்கே போவதா என்று தாயும் தமக்கையும் கண்ணீர் வடித்தனர். அனுமதி கிட்டவில்லை.

செய்து பழக வழியில்லாதவர் படித்துப் பழகினார். விடியுமுன் எழுந்து, குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, மெழுகுவர்த்தி ஒளியில் மருத்துவமனை அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். காலை உணவு மணி அடித்ததும் ஏடுகளை மறைத்துவிட்டு, ஒன்றுமறியாத செல்வமகளாய்க் கீழே இறங்கி வருவார். இப்படியே ஆண்டுகள் ஓடின. இதைப் படிக்கும்போது எனக்கு அவர்மேல் வியப்பைவிட இரக்கமே மிகுந்தது.

1851இல்தான் ஜெர்மனியிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னுமிடத்தில் பாஸ்டர் ஃபிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சி கிடைத்தது. அங்கே நோயாளிகளைப் பேணினார்; அறுவை சிகிச்சையை அருகில் நின்று பார்த்தார். 1853இல் பாரிஸ் நகரத்துக் கன்னியர் மடமொன்றில் கற்கச் சென்றார். சென்றவருக்கு மணல்வாரி அம்மை கண்டது. கற்றுக்கொள்ளப் போனவர் நோயாளியாகவே படுத்துவிட்டார்!

அதே ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான சிறு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். ஒவ்வொரு மாடிக்கும் குழாய்வழி வெந்நீர், உணவை மேலே இழுக்க ஏற்றம், நோயாளி இழுத்தால் ஒலிக்கும் மணி ஆகியவற்றைக் கேட்டு வாங்கினார். கத்தோலிக்க நோயாளிகளைச் சேர்க்கலாகாது என்று குழுவினர் கூறியபோது, எல்லாச் சமயத்தாரையும் சேர்த்தாலன்றிப் பொறுப்பேற்கமாட்டேன் என்று உறுதியாக நின்று வென்றார். நிலக்கரிக் கணக்கும் துணிக்கணக்கும் பார்க்க அங்கேதான் பழகினார். பின்னாளில் பெரிதும் கைகொடுத்தவை இவையே.

1854 அக்டோபர் 21ஆம் நாள், 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரிக்குப் புறப்பட்டார். போர் அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் அழைப்புக் கடிதம் எழுதப்பட்டு ஆறு நாட்களே ஆகியிருந்தன! பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் ஆறு நாளில் பயணம். உடன் சென்றோரில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். அவர்களுள் பெர்மாண்ட்சி மடத்துத் தலைவி அன்னை கிளேர் மூர், முன்னரே கொள்ளைநோய்க் காலத்தில் பணிபுரிந்தவர். இறுதிவரை அம்மையாரின் உயிர்த்தோழியாக விளங்கினார்.

நவம்பர் 4ஆம் நாள் போய்ச் சேர்ந்தபோது இராணுவ மருத்துவர்கள் அவர்களை வார்டுகளுக்குள் விடவில்லை. அம்மையாரும் முட்டி மோதவில்லை. அழைக்கும் வரை யாரும் உள்ளே போகக்கூடாதென்று ஆணையிட்டு, கட்டுத்துணிகளைத் தைக்கச் சொன்னார். சில நாட்களில் இன்கர்மன் போரில் காயமுற்றவர்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். மருத்துவர்களே அழைத்தனர். தரை தேய்க்கத் தூரிகைகள் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொப்பரைகள் வைத்து, சிப்பாய்களின் மனைவியரைக் கொண்டு துணி வெளுக்கச் செய்தார். நோயாளிகளுக்கென்று தனிச் சமையற்கூடம் அமைத்தார்.

ஆயினும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் இறந்தனர். இதை நம் பாடநூல்கள் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. மருத்துவமனையாக மாற்றப்பட்ட அந்தப் படைவீட்டின் அடியில் சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் தோண்டிப் பார்த்தபோது, குடிநீர் வரும் வழியில் செத்த குதிரை கிடந்தது. கழிவுகளை அகற்றி, சுவர்களுக்கு வெள்ளையடித்து, காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஜூனில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

பத்தாண்டு படித்த அறிக்கைகளும் இரவுபகல் உழைப்பும் தரைக்கு அடியில் இருந்ததை அவருக்குக் காட்டவில்லை. முதலுதவி வகுப்பில் தோழியின் கையில் கட்டுப்போட்டுப் பழகுகிறோம். அந்தக் கையில் காயமில்லை என்பதை மறந்துவிடுகிறோம். அம்மையாருக்கோ காயமும் இருந்தது, காரணம்தான் தெரியவில்லை. வீரர்கள் பட்டினியாலும் களைப்பாலும் சாகிறார்கள் என்றே முதலில் எண்ணியிருந்தார்.

1856இல் நாடு திரும்பியபின், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் துணையுடன் கணக்குகளை ஆராய்ந்தார். காயத்தால் இறந்தோரைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே பன்மடங்கு என்பது எண்களில் தெரிந்தது. அமைச்சர்கள் ஒரே பார்வையில் உணரும்படி அதை வண்ண வரைபடமாக்கி 1858இல் வெளியிட்டார். உடல்நலம் குன்றி அறைக்குள்ளேயே முடங்கிய நிலையிலும் அந்த வேலை நிற்கவில்லை.

1860இல், மக்கள் அளித்த சுமார் 45,000 பவுன் நிதியைக்கொண்டு இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. ஓராண்டுப் பயிற்சி, விரிவுரையும் உண்டு, அன்றாடம் வார்டு வேலையும் உண்டு. மாணவியர் நாட்குறிப்பு எழுதவேண்டும். ஆனால் நல்ல ஏற்பாடு செய்தால் பள்ளி தானாக நடக்கும் என்று நம்பியதில் அவர் மீண்டும் தவறினார். 1872 அளவில் உற்று நோக்கியபோது, விரிவுரைகள் நின்றுபோயிருந்ததும், மாணவியர் வெறும் வேலையாட்களாகப் பயன்பட்டதும் தெரிந்தது. கற்பிக்க வேறு மருத்துவரை அமர்த்தச் செய்தார். மாணவியரை ஒவ்வொருவராகத் தம் வீட்டுக்கு அழைத்து, வார்டில் என்ன கண்டார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்.

தாதியரைத் தேர்வு வைத்துப் பதிவு செய்யவேண்டும் என்ற இயக்கம் 1880களில் எழுந்தபோது, தாளில் எழுதும் விடையால் நல்ல தாதியை அறிய முடியாது என்று கடுமையாக எதிர்த்தார். இதில் அவர் பக்கம் நியாயம் பாதிதான் என்பது என் எண்ணம். அவர் மறைந்தபின், 1919இல் அந்தப் பதிவுச் சட்டம் வந்தது.

1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், 90ஆம் வயதில் அம்மையார் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய வாய்ப்பு வந்தும், குடும்பத்தார் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஈஸ்ட் வெல்லோ கிராமத்துக் கோவிலருகே, பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, இறந்த நாட்களும் மட்டுமே பொறித்த கல்லின் கீழ் அவர் துயில்கிறார்.