கோவில் சுருதியும் பாக் எழுதிய தாளும்

நம் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பிமார், பாட்டு குரலுக்கு எட்டாவிட்டால் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை இறக்கிவிடுகிறார்கள். விரல் பழைய கட்டைகளிலேயே ஓடும். இது தகுமா என்று பெரியவர்கள் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. அப்போதுதான் யோகான் செபஸ்தியான் பாக் நம் நினைவுக்கு வந்தார். (நம் பழைய வழக்கில் அருளப்பர் செபஸ்தியார்!) அவர் லூத்தரன் சபையினர், ஆயினும் இலத்தீன் பூசைக்கு அவர் அமைத்த இசையை உலகமே போற்றுகிறது.

1685-இல் ஜெர்மனியின் ஐசனாக் நகரில் பிறந்தார். பத்து வயது நிறையுமுன் தாய் தந்தை இருவரையும் இழந்து, அண்ணன் வீட்டில் வளர்ந்தார். 1703-இல் ஆர்ன்ஸ்டட் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவரானார். 1705-இல் புக்ஸ்டகூட என்ற மேதையைக் கேட்க லூபெக் வரை சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே போனார். திரும்பிவந்து அவர் வாசித்த வாசிப்பில் சபையார் பாட முடியாமல் தடுமாறினர்; மேலிடம் கண்டித்தது. பாடும் மக்களை விட்டுவிட்டு வாசித்தால் பாக் ஆனாலும் திட்டு உண்டு!

1723-இல் லைப்சிக் நகர்த் தோமையார் ஆலயத்தின் இசைத் தலைவரானார். அங்கே ஒரு சங்கடம். ஆர்கன் உயர்ந்த கோவில் சுருதியில் இருந்தது. வயலின், குழல் முதலியவை ஒரு கட்டை தாழ்ந்த சுருதியில் இருந்தன. ஆர்கனின் குழாய்கள் வயலின் தந்தியல்ல, முறுக்காணியைத் திருப்பி இறக்கிவிட. பாக் என்ன செய்தார்? ஆர்கன் வாசிப்பவருக்கு மட்டும் ஒரு கட்டை இறக்கித் தனித்தாள் எழுதுவித்தார். மற்றவர்கள் தாளில் 'சி' என்றால், அவர் தாளில் 'பி ஃபிளாட்'. ஆரம்ப ஆண்டுகளில் ஏறக்குறைய வாரந்தோறும் புதுப்பாட்டு. மாணவரும் குடும்பத்தாரும் உட்கார்ந்து படியெடுத்தார்கள். அத்தாள்கள் பல இன்றும் உள்ளன.

ஆகவே, வாசிப்பவரின் சுமையைக் குறைப்பது குற்றமென்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் இதே பாக்தான் 1722-இல் பன்னிரண்டு சுருதிகளிலும், மேஜர் மைனர் இரண்டிலுமாக, 24 பயிற்சி இசைகளை இளைஞருக்கென்று தொகுத்தவர். ஒரு சுருதியும் கைக்கு அந்நியமாக இருக்க அவர் விடவில்லை. நாம் இருந்த ஒரு திருமணப் பூசையில், முந்தைய பாட்டுக்கு அழுத்திய பொத்தானை எடுக்க மறந்து, குழல் ஒரு சுருதியிலும் கீபோர்டு ஒரு சுருதியிலுமாக 'ஆண்டவரே இரக்கமாயிரும்' பாடினோம். எங்கே பிசகியது என்று வாசித்தவருக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரே சுருதி.

பாக் 1750 ஜூலை 28-இல் லைப்சிக்கில் காலமானார். 1950 முதல் அவரது கல்லறை அதே தோமையார் ஆலயத்துக்குள் உள்ளது.